தலையணை மேல் ஒரு தாள்

ஐரோப்பா போவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் அத்தையோடு பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். துன் சம்பந்தன் சாலையில் ஒரு பணமாற்றுக் கடை. முகப்பில் இருந்தவர் ஐம்பது யூரோ தாள்களாக எண்ணி வைத்தார். அத்தை அதைத் தொடவே இல்லை.

"அஞ்சு யூரோ தாளா குடுங்க தம்பி."

"சின்ன நோட்டு அவ்வளவா வராதும்மா. அங்க போயி மாத்திக்கலாம்லா."

அத்தை நகரவில்லை. அவர் பெட்டியைத் துழாவி ஐந்து யூரோ தாள்களில் பதினான்கைத் தேடிக் கொடுத்தார். வெளியே வந்ததும், "எதுக்கு அத்தே இவ்ளோ சில்லறை?" என்றேன்.

"ரூம் கூட்டுறவங்களுக்கு."

அத்தை கோலாலம்பூரில் ஒரு தங்கும் விடுதியில் 26 ஆண்டுகள் அறை சுத்தம் செய்தவர். கிள்ளானிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போய் இரவில் திரும்புவார். எத்தனையோ நாட்டுக்காரர்கள் படுத்த மெத்தைகளுக்கு விரிப்பு மாற்றியவருக்கு, அவர்கள் ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. சேமநிதியில் மிச்சம் இருந்ததை எடுத்துச் சுற்றுலாக் குழுவில் பெயர் கொடுத்தார். துணைக்கு நான்.

பயணத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. வழிகாட்டிக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு இரண்டிரண்டு யூரோ, அன்பளிப்பு, கட்டாயம். ஒன்பது நாளைக்குத் தலைக்கு 36 யூரோ, நம் காசுக்கு ஏறக்குறைய 180 வெள்ளி. 'அன்பளிப்பு', 'கட்டாயம்' என்ற இரண்டு சொற்களும் பக்கத்துப் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று அப்போது யோசித்தேன். கட்டாயம் என்றால் அது கட்டணம். அன்பளிப்பு என்றால் கொடுக்காமலும் இருக்கலாம். இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா?

பாரிசில் மூன்று இரவு. முதல் நாள் காலை, அத்தை குளித்துக்கொண்டிருந்தபோது நானே ஐந்து யூரோ தாள் ஒன்றைத் தலையணை மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மாலையில் திரும்பினால் படுக்கை சுருக்கமில்லாமல் விரிக்கப்பட்டிருந்தது. அந்தத் தாள் மேசைக்குப் போயிருந்தது. பறக்காமலிருக்க அதன் மேல் எங்கள் பேனா.

"வேணாம்னு விட்டுட்டாங்க போல," என்றேன்.

அத்தை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லடா. பயந்திருக்கா."

பிறகுதான் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அறையில் மேசை மேல் இருபது வெள்ளி கிடந்திருக்கிறது. அறைக்காரர் கிளம்பிவிட்டார் என்று நினைத்து, தனக்கு வைத்தது என்று எடுத்துக்கொண்டார். அவர் கிளம்பவில்லை, பசியாறத்தான் கீழே போயிருந்தார். அன்று மதியமே பணம் திரும்பிப் போனது, வேலையும் போகவில்லை. ஆனால் அடுத்த மூன்று மாதம், வேலை முடிந்து போகும்போது அத்தையின் பையை மட்டும் திறந்து பார்த்தார்கள்.

"எடுத்தியான்னு யாரும் கேக்கல தம்பி. எவ்ளோ எடுத்தேன்னு கேட்டாங்க."

மறுநாள் விடுதித் தாள் ஒன்றைக் கிழித்து, "தேங்க் யூன்னு எழுது, பெருசா எழுது" என்றார். எழுதினேன். அதன் மேல் பணத்தை வைத்தார். மாலையில் பணம் இல்லை.

அந்த ஒரு சொல் என்ன செய்தது? பணம் பேசும் என்று நாம் நம்புகிறோம். அது பேசாது. மேசையில் கிடக்கும் தாள் மறந்து விட்டதா, கொடுத்ததா, சோதிக்க வைத்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தின் சுமை கொடுத்தவர் மேல் ஏறுவதில்லை. அறையைக் கூட்டுகிறவர் மேல்தான் ஏறுகிறது. சொல் இல்லாமல் கொடுக்கிறவன் தன் தாராளத்தை வைத்துக்கொண்டு, அதன் ஆபத்தை வாங்குகிறவரிடம் தள்ளிவிடுகிறான். நான் முதல் நாள் செய்தது அதுதான்.

இந்தக் காசுக்கு மொழிகள் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். ஜெர்மனில் 'டிரிங்க்கெல்ட்', பிரெஞ்சில் 'பூர்புவார்'. இரண்டிலும் குடிப்பதற்கான காசு என்ற பொருள் இருக்கிறது. நம்மூர் மலாயில் 'டுவிட் கோப்பி' என்றால் காப்பிக் காசு, ஆனால் அதற்கு லஞ்சம் என்றே பொருள். வேலை முடிந்தபின் கொடுத்தால் நன்றி, முடிவதற்கு முன் கொடுத்தால் லஞ்சம் என்று பிரிக்கலாம். ஆனால் நாளைக்கும் அதே மேசைக்கு வரப்போகிறவர் இன்று கொடுப்பது எதில் சேரும்? வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். இரத்தலுக்கு ஒன்று, இரத்தலுக்கு அஞ்சுவதற்கு இன்னொன்று என்று அடுத்தடுத்து வைத்தார். கொடுப்பது நல்லது, கேட்க நேர்வது கொடுமை. டிப்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாங்குகிறவர் கேட்கவும் இல்லை, கேட்காமலும் இல்லை.

எட்டாம் நாள் வழிகாட்டி என்னிடம் ஓர் உறையைக் கொடுத்தார். குழுவில் இளையவன் நான் என்பதால் ஓட்டுநருக்கான பணத்தைத் திரட்டும் வேலை எனக்கு. 32 பேர், ஆளுக்கு 18 யூரோ, மொத்தம் 576. எண்ணினால் 540தான் இருந்தது. ஓய்வுபெற்ற ஒரு அங்கிளும் அவர் மனைவியும் கொடுக்கவில்லை. அவர் ஒளிக்கவும் இல்லை.

"தம்பி, டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது கம்பெனி. நான் டூருக்குப் பணம் கட்டியாச்சு. முதலாளி கொடுக்க வேண்டியத ஏன் என் பாக்கெட்ல எடுக்கிறான்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது தவறில்லை. நம் நாட்டிலேயே இது வழக்காகப் போயிருக்கிறது. தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று 2013இல் நடைமுறைக்கு வந்தபோது, விருந்தாளிகளிடம் வசூலித்த சேவைக் கட்டணத்தைக் கொண்டே அந்தத் தொகையை நிரப்ப ஒரு பெட்டாலிங் ஜெயா விடுதி முயன்றது. தொழிற்சங்கம் எதிர்த்தது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய், 2021இல் அப்படி நிரப்பக் கூடாது என்று தீர்ப்பானது. தொழிலாளர்களுக்கென்று விருந்தாளி கொடுத்ததை, முதலாளி தன் கடனில் கழித்துக்கொள்ள முடியாது. சுவிட்சர்லாந்தில் 1974 முதல் உணவக, விடுதிக் கட்டணத்திலேயே சேவையும் அடக்கம். அமெரிக்காவிலோ, டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிற்கிறது. மீதியை விருந்தாளியின் மனசு தீர்மானிக்கிறது.

ஆக அங்கிளின் கொள்கை சரி. கூலி உரிமை, அது யாருடைய மனசையும் நம்பி இருக்கக் கூடாது. ஆனால் அந்தக் கொள்கைக்கான விலையை அவர் யாரிடம் வசூலித்தார்? அந்தக் கம்பெனிக்கு அவர் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. பணம் கட்டும்போதே அந்த வரியைப் பார்த்திருந்தும் கையெழுத்துப் போட்டார். 36 யூரோ குறைந்தது முதலாளிக்கு இல்லை, போலந்துக்கார ஓட்டுநருக்கு. அநியாயமான ஏற்பாட்டை எதிர்க்கிறேன் என்று சொல்லி, அந்த ஏற்பாட்டில் மிகவும் கீழே நிற்கிறவரின் கையிலிருந்து எடுப்பது எதிர்ப்பு ஆகாது.

அந்த ஓட்டுநரிடம் அத்தைக்கும் ஒரு தகராறு இருந்தது. முதல் நாள் அவர் பெட்டியைத் தூக்க வந்தபோது அத்தை விடவில்லை. அத்தையின் அப்பா போர்ட் சுவெட்டன்ஹாமில், இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், மூட்டை தூக்கியவர். "எம் மூட்டைய இன்னொருத்தர் தூக்கக் கூடாது" என்று தானே பெட்டியைப் பேருந்தின் அடிவயிற்றில் தள்ளினார். ஓட்டுநர் முகம் சுருங்கியது. எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும், எடை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அவர் வேலை. அத்தை மரியாதை என்று நினைத்துச் செய்தது அவருக்குத் தன் வேலையில் குறுக்கிடுவதாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் அத்தை பெட்டியை அவர் முன் வைத்துவிட்டுக் கைகூப்பினார். அவர் சிரித்தார்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்நின்ற வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. அந்தத் தொழிலாளர்கள் கூலியையும் மரியாதையையும் தனித்தனியாகத்தான் கேட்டார்கள். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைக் கழிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டிப்ஸ் என்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே ஐந்து யூரோவில் முடித்துக்கொள்ளும் முயற்சி.

குறைந்த 36 யூரோவை என் பணத்தில் போட்டுவிடலாம் என்று அத்தையிடம் சொன்னேன். "போடு. ஆனா அந்த அங்கிள் கொடுக்கலன்னு பஸ்ல யாருகிட்டயும் சொல்லாத" என்றார். எனக்கு உள்ளுக்குள் சொல்லத்தான் ஆசை. அதைக் கண்டுபிடித்துவிட்டார் போல. "அப்படிச் சொன்னா அந்தக் காசு டிரைவருக்கு இல்ல, உனக்கு."

உறையை ஒட்டுமுன் அத்தை கேட்டார்: "பேரு என்னடா அவருக்கு?"

ஒன்பது நாள் எங்களைச் சுமந்தவரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. இறங்கிப் போய் அவரிடமே கேட்டு, உறையின் மேல் எழுதினேன்.