போய்ச் சேரட்டும் என்பவர்கள்

விருதுநகரிலும் அதை ஒட்டிய தென்மாவட்டச் சிற்றூர்களிலும் தலைக்கூத்தல் என்றொரு வழக்கம் உண்டு. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டுவார்கள். தளர்ந்த உடம்பு அந்தக் குளிர்ச்சியைத் தாங்காது. தீபாவளியன்று பிள்ளைக்குச் செய்கிற அதே எண்ணெய்க் குளியல், நோயாளியைப் பார்க்கப் போகும்போது வாங்கிப்போகிற அதே இளநீர். அன்பு காட்டும் பொருள்களைக் கொண்டே உயிரை எடுப்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இது கொலை, அதில் ஐயமில்லை. ஆனால் செய்தவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காமல் தீர்ப்பு எழுதுவதும் நியாயமில்லை. "இழுத்துக்கிட்டுக் கெடக்காம போய்ச் சேரட்டும்" என்பதில் இரக்கமும் உண்டு, இயலாமையும் உண்டு. கூலிக்குப் போகிறவர் பாயருகே உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

முதியோரைக் காப்பதைப் பல சமூகங்கள் கைம்மாறாகவே எண்ணின. பண்டைய ஏதென்சில் ஆர்க்கோன் என்னும் ஆட்சிப் பதவிக்கு வருகிறவரிடம், பெற்றோரை நன்றாக நடத்துகிறாரா என்று விசாரித்தார்கள். அதே ஊரில், மகனுக்குத் தொழில் கற்றுத்தராத தகப்பனைக் காக்கும் கடமை மகனுக்கு இல்லை என்றது சட்டம் வகுத்த சோலோனின் விதி. நம்முடைய 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்திலும் இந்தக் கணக்கின் சாயல் உண்டு. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். தேவையான பாதுகாப்புதான். ஆனால் காலமெல்லாம் பிறர் வயலில் நாற்று நட்ட கிழவியிடம் எழுதிக்கொடுக்க என்ன இருக்கிறது? பராமரிப்புத் தொகை கேட்டு மகன்மேல் மனுப் போடலாம். அவன் கையும் வெறுங்கையாக இருந்தால்?

கொடுத்ததற்கு ஈடாகத்தான் சோறு என்றால், கொடுக்க ஏதுமற்றவரின் உயிர் மலிவாகிவிடும். தலைக்கூத்தலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கிழவியே "என்னை விட்டுருங்கய்யா" என்று சொன்னால்? மகனின் கூலி போவதையும் மருமகள் முகம் சுளிப்பதையும் நாள்தோறும் பார்த்துக் கிடப்பவளின் வாயில் வரும் அந்தச் சொல்லை விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அந்தச் சுமையைக் குறைக்க வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் கிடப்பவரை வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்ட ஓர் ஆள், வலிக்கு மாத்திரை, மகன் வேலைக்குப் போகும் பகலில் துணை: இவை அவள் வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேரட்டும். அதன்பிறகும் அவள் அப்படியேதான் சொல்கிறாளா என்று கேட்கலாம்.