தொட்டால் பதில் சொல்லும் காடு

போரில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்களில் உணர்வில்லாமல் சக்கர நாற்காலியில் வாழ்பவன் ஜேக் சல்லி. பண்டோரா என்ற தொலைதூர நிலவில், நீல நிற உடம்பு ஒன்றுக்குள் அவன் கண்விழிக்கிறான். சுற்றியிருப்பவர்கள் பதறப் பதற, ஒட்டியிருந்த ஒயர்களைப் பிடுங்கிவிட்டு வெளியே ஓடுகிறான். தோட்டத்தில் நின்று கால்விரல்களை மண்ணுக்குள் புதைக்கிறான். ஜேம்ஸ் கேமரூனின் 'அவதார்' 2009 டிசம்பரில் வெளிவந்ததிலிருந்து அதன் மிதக்கும் மலைகளைப் பற்றியும் வசூலைப் பற்றியும் எவ்வளவோ பேசியாகிவிட்டது. என்னைக் கேட்டால், படத்தின் வசியம் முழுவதும் அந்த விரல்களில் இருக்கிறது.

முப்பரிமாணப் படம் நமக்குப் புதிதல்ல. 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தபோது ஐஸ்கிரீம் திரையை விட்டு மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. குழந்தைகள் கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். அங்கே வித்தை நம்மைத் தேடி வந்தது. கேமரூன் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் ஆழத்தை வைத்தார். முன்னால் ஒரு பெரணி இலை, அதற்கப்பால் ஒரு வேர், அதற்கப்பால் பனிமூட்டம், அதற்கும் அப்பால் ஏதோ நகர்கிறது. கண் தானாகவே உள்ளே நடக்கத் தொடங்கிவிடுகிறது. கதை பழசு என்றார்கள். பழசுதான். வெளியிலிருந்து வந்தவன் அந்த மண்ணின் மக்களோடு கலந்து, கடைசியில் அவர்கள் பக்கம் நின்று போராடும் கதை. எங்கே போய் முடியும் என்று தெரிந்துவிட்டதால்தான் கண்ணுக்கு அவசரம் இல்லாமல் போனது என்று நினைக்கிறேன். 162 நிமிடம் ஒரு காட்டுக்குள் நிதானமாகத் திரிய முடிந்தது.

இரவில் ஜேக் நடக்கும்போது, பாதம் பட்ட இடமெல்லாம் பாசி ஒளிர்ந்து அடங்குகிறது. அதற்கு முன்பே, பகலில், ஆளுயரத்துக்கு நிற்கும் ஒரு சுருள் செடியை விரலால் தொடுகிறான். அது சட்டென்று உள்ளே சுருண்டு மறைகிறது. அதைப் பார்த்து அடுத்ததும், அதற்கடுத்ததும். புனித மரத்தின் விதைகள் மிதந்து வந்து அவன் தோளிலும் கையிலும் உட்கார்கின்றன. பவளப் பாறைகளில் வாழும் ஒரு வகைப் புழு, நிழல் விழுந்தாலே தன் குழாய்க்குள் ஒடுங்கிவிடும். அந்தச் சுருள் செடி அதே சாயல்தான். வரப்போரம் தொட்டாச்சிணுங்கியைத் தேடித் தேடித் தொட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. இலை மூடிக்கொள்ளும் அந்த நொடியில் குழந்தைக்கு வரும் சிரிப்பு, 'என்னை இதற்குத் தெரிந்துவிட்டது' என்ற சிரிப்பு.

இந்தப் படம் எழுப்பும் ஏக்கம் அதற்குத்தான் என்பது என் எண்ணம். நாம் இருக்கிறோம் என்பது நாம் வாழும் இடத்துக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை அது. ஒரு அடுக்குமாடி வீட்டில் பத்து வருஷம் குடியிருந்துவிட்டுக் காலி செய்து போனாலும், நாம் அங்கே இருந்ததற்கு அந்தச் சிமெண்ட் தரையில் எந்த அடையாளமும் இருப்பதில்லை. 2010 தொடக்கத்தில், படம் பார்த்தவர்கள் சிலர் பண்டோரா உண்மையில்லையே என்று மனம் சோர்ந்து கிடப்பதாகச் செய்திகள் வந்தன. வெளியே வந்தால் உலகம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது என்றார்களாம். பலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. காலடிக்கு ஒளிரும் தரையிலிருந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தவர்களின் துக்கம் பொய்யானதல்ல.

அந்தத் துக்கத்தைக் கற்பனை உலகத்துக்கே விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்கு, படம் உருவான விதத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. நடிகர்கள் முகமெல்லாம் புள்ளிகளோடு, தலையில் மாட்டிய சின்னஞ்சிறு கேமரா தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, செடி கொடி ஏதுமற்ற ஒரு கூடத்தில்தான் நடித்தார்கள். இலையும் மழையும் பிறகு நியூசிலாந்தின் கணினிகளில் பிறந்தவை. ஆனால் அதற்கு முன்பே கேமரூன் அவர்களை ஹவாயின் மழைக்காட்டுக்கு அழைத்துப்போனார். வழுக்கும் வேரில் எப்படிக் கால் வைப்பது, நனைந்த இலையை எப்படி விலக்குவது என்பதை உடம்பு தெரிந்துகொண்டு திரும்பியது. வெறுங்கூடத்தில் நடிகை ஸோயி சல்டானா கிளை விட்டுக் கிளை தாவும்போது, நாம் பார்ப்பது அந்தச் சேற்றின் நினைவையும் சேர்த்துத்தான். ஆதாரமாக ஒரு நிஜக் காடு இல்லாமல் இவ்வளவு பெரிய பொய்யையும் கட்ட முடியவில்லை.

நிஜக் காடும் அப்போது பேசியது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் டோங்ரியா கோந்த் பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மலையே நியம்ராஜா என்ற தெய்வம். மலையுச்சியில் இருப்பது பாக்சைட். பண்டோராவில் விலைமதிப்பற்ற தாதுவுக்காக அந்த மண்ணின் மக்கள் குடியிருக்கும் பெருமரத்தைச் சாய்ப்பதைப் பார்த்த உலகத்திடம், எங்கள் மலையிலும் இதுதான் நடக்கிறது என்று சொல்ல, 2010இல் சர்வைவல் இன்டர்நேஷனல் அமைப்பு 'வெரைட்டி' பத்திரிகையில் கேமரூனுக்கு ஒரு வேண்டுகோள் விளம்பரம் கொடுத்தது. மலையின் தலைவிதி விளம்பரத்தால் முடிவாகவில்லை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கே சுரங்கம் தோண்டலாமா என்பதைக் கிராமசபைகளே தீர்மானிக்கட்டும் என்றது. அந்த ஆண்டே மலையோரத்தின் 12 கிராமங்களில் சபைகள் கூடின. தெய்வம் குடியிருப்பது இந்த ஒரு இடம்தானே, அதை மட்டும் விட்டுவிடலாமே என்ற யோசனைக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஓடையும் கிழங்கும் மூலிகையும் உள்ள மலை மொத்தமும் எங்கள் தெய்வம்தான் என்றார்கள் மக்கள். 12 கிராமங்களும் சுரங்கம் வேண்டாம் என்றன.

அந்தச் சபைகளில் பேசியவர்களில் பலர் இந்தப் படத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் தொட்டதற்கெல்லாம் அந்த மலை பதில் சொல்லியிருக்கிறது. மலைக்காகப் பதில் சொல்லும் முறை வந்தபோது அவர்கள் சொன்னார்கள்.