ஒரு ஓரம் போதும்

வீட்டை இடித்துத் திருத்திப் பார்த்தவரா நீங்கள்? அப்படியென்றால் இந்த விளையாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். கட்டம் போட்ட காகிதம். ஒரு கட்டம் ஒரு அடி. ஹால், பெட்ரூம், கிச்சன் எல்லாம் பென்சிலில். பழைய காலண்டர் அட்டையில் சோபா, கட்டில், பீரோ என்று அளவுப்படி வெட்டி வைத்துக்கொண்டு, செஸ் காய் மாதிரி நகர்த்திக்கொண்டே இருப்போம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நடக்க 2 அடியாவது வேண்டும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒன்றரை அடி. பீரோ கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கக் கூடாது. என் 850 சதுர அடி ஃபிளாட்டுக்காக மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். கடைசியில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பெருமையாக கார்ப்பென்டரிடம் நீட்டினேன்.

அவர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், பாட்டிம்மா எங்க படுப்பாங்க?"

அம்மாவுக்கு நான் அட்டையே வெட்டவில்லை.

வேண்டுமென்று செய்ததில்லை, நம்புங்கள். அம்மா எப்போதும் ஹாலில் பாய் விரித்துப் படுப்பவர். பகலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கேட்டால், "எனக்கெதுக்குடா தனியா? ஒரு ஓரம் போதும்" என்பார். போதும் என்று அவரே சொன்ன பிறகு அட்டை எதற்கு?

அன்று ராத்திரி பி.காம். புத்தி சும்மா இருக்கவில்லை. சோபா செட், டீப்பாய், கால் நீட்டும் இடம் எல்லாம் சேர்த்து 70 சதுர அடி. எங்கள் ஏரியாவில் சதுர அடி 8,000 ரூபாய். ஆக, 5,60,000 ரூபாய்க்கு இடம். யாருக்கு? வருஷத்துக்கு நாலு தடவை வரும் விருந்தாளிக்கு. நாங்களோ தரையில் உட்கார்ந்து, சோபாவில் முதுகைச் சாய்த்து டி.வி. பார்க்கிற ரகம்!

ஒருவர் 'வேண்டாம்' என்றால் நம் கடமை முடிந்துவிடுகிறதா? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. 1998-ல் நோபல் பரிசு வாங்கிய அமர்த்தியா சென் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார். நெடுநாள் இல்லாமையில் இருப்பவர்கள், கிடைக்கக்கூடியதற்குத் தக்கபடி ஆசையையே சுருக்கிக்கொள்வார்கள். ஆகவே அவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து அவர்கள் நிலைமையை எடைபோடக் கூடாது என்கிறார். அவர் பேசியது ஏழைகளைப் பற்றி, பெண்களைப் பற்றி. எங்கள் வீட்டு ஹால் வரைக்கும் அது வரும் என்று நான் நினைக்கவில்லை. பிறந்த வீட்டில் எட்டுப் பேரில் ஒருத்தி, புகுந்த வீட்டில் அடுப்பங்கரை... ஓரத்திலேயே வாழ்ந்தவர் வேறு எதைக் கேட்பார்?

சரி, கேட்காவிட்டாலும் நாமே பார்த்துக் கொடுத்துவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1926-ல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயில் டைனிங் கார் சமையலறையைப் பார்த்து, எந்த வேலைக்கு எத்தனை எட்டு நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் செய்தது. இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் பாட்டி. பெண்ணின் வேலை குறைய வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு ஆளுக்கான அளவு. கூடமாட ஒத்தாசைக்கு இன்னொருவர் நுழைந்தால் இடிக்கும். பெண்ணைத் தனியாக உள்ளே அடைத்துவிட்டது என்று பிற்காலப் பெண்ணியவாதிகள் அதையே குறை சொன்னார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் நான் என்ன செய்தேன்? சோபா செட்டை ஒற்றை சோபாவாக்கினேன். சின்ன பெட்ரூமை அம்மாவுக்குக் கொடுத்தேன். ஜன்னலை ஒட்டிக் கட்டில், கைக்கெட்டும் உயரத்தில் சுவிட்ச், பாத்ரூமுக்கு நாலே எட்டு. அந்த அறை தனக்குத்தான் என்று நினைத்திருந்த பையன், ஹாலுக்கு வந்துவிட்ட தன் படிப்பு மேஜையையும் என்னையும் மாறி மாறி முறைக்கிறான். அவனுக்கு என்னிடம் பதில் இல்லை. பிளஸ் டூ படிக்கிறவன், அவன் கோபமும் நியாயம்தானே?

அம்மா? ராத்திரி அந்த அறையில் படுக்கிறார். விடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிச்சன் வாசலுக்கு வந்துவிடுகிறார், நான் நடப்பதற்கென்று பார்த்துப் பார்த்து விட்ட 3 அடியில் பாதியை மறித்துக்கொண்டு.

"ஏம்மா, அங்க காத்தோட்டமா ஜன்னல் இருக்கே?"

"ஜன்னல் என்னோட பேசுமாடா? இங்க இருந்தா வாசலும் தெரியுது, அடுப்பும் தெரியுது."

அவரிடம் எவ்வளவு இடம் வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறேன். எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கிச்சன் வாசலை ஒட்டிப் புதிதாக அடித்த கிராக்கரி அலமாரியைக் கழற்றினால் அந்த நாற்காலி தாராளமாக உட்காரும். வீட்டில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. கார்ப்பென்டரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.