பொது வேகம்

கரூரிலிருந்து சேலத்துக்கு நாற்கரச் சாலையைப் பிடித்தால் நூறு கிலோமீட்டர்தான். கன்னியாகுமரியிலிருந்து மிதித்து வந்த கால்களுக்கு அது மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிற தூரம். கடைசி நாளில் அந்த வழி வேண்டாம் என்று எல்லோருமே சொன்னோம். வாங்கல் போய்க் காவிரியைத் தாண்டி, மோகனூர், நாமக்கல், சேந்தமங்கலம், பேளுக்குறிச்சி, ராசிபுரம், வெண்ணந்தூர், ஆட்டையாம்பட்டி என்று ஊர் ஊராகச் சுற்றிச் சேலம் சேர்வதாக ஏற்பாடு. வழியெல்லாம் குறுக்குப் பாதை தேடி வந்தவர்கள், முடியப்போகிற நாளில் தூரத்தைக் கூட்டிக்கொண்டோம்.

விடியுமுன் டயருக்குக் காற்று அடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கிளம்புவது தினப்படி வேலை. அன்றைக்கு அதை எல்லோரும் மெல்லச் செய்தார்கள்.

*

ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மேட்டூர் அணையின் நெடுங்கால வழக்கம். நாங்கள் வாங்கல் பாலத்தில் ஏறியபோது அணை மூடியாகிவிட்டது. மணல் திட்டுகள் வெளியே வந்திருந்தன. நீர் ஒரு ஓரமாக ஒதுங்கி ஓடியது. பாலத்தின் மறுகோடியில் மோகனூர்.

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்த ஊர் அது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி, உப்பு எடுக்க ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் புறப்பட்ட தொண்டர்கள், அந்த யாத்திரைக்கென்று அவர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடியபடி நடந்தார்கள். ஏறத்தாழ நூறு பேர், சுமார் 150 மைல். 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். அந்தப் பாட்டை நான் பள்ளிக்கூடத்தில் தேசபக்திப் பாடலாக மனப்பாடம் செய்தேன். கூட்டமாகச் சைக்கிளில் வந்தபிறகு அதற்கு இன்னொரு வேலையும் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. நூறு பேர் என்றால் நூறு நடை. முன்னால் துள்ளிப் போகிற இளைஞன், செருப்பு கடித்துப் பின்தங்குகிறவர், சித்திரை வெயிலில் தலை சுற்றுகிறவர். இவர்கள் கலைந்துவிடாமல் ஒன்றாக ஊருக்குள் நுழைய வேண்டும். சேர்ந்து பாடுகிறவர்களின் கால்கள் தாமாகவே ஒரு கதிக்கு வந்துவிடும். தலைவர் திரும்பிப் பார்த்து அதட்ட வேண்டியதில்லை.

எங்களிடம் பாட்டு இல்லை. எங்கள் கதி வேறு விதமாக வந்தது.

*

முதல் நாட்களில் நாங்கள் குழுவே அல்ல. ஒரே சாலையில் போகிற தனித்தனி ஆட்கள். வேகமாக மிதிப்பவர்கள் டீக்கடையில் காத்திருப்பார்கள். பின்தங்கியவர் வியர்த்து வந்து ஸ்டாண்டு போடுவதற்குள் இவர்கள் டீ குடித்து முடித்து எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. கூட்டப் பயணங்களில் மனஸ்தாபம் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. யாருக்கும் யார்மீதும் கோபமில்லாமலே கசப்பு சேரும்.

பின்தங்கியவர் எங்கள் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், எங்களில் மூத்தவர். பழைய கறுப்பு சைக்கிளில் வளர்ந்த உடம்பு. கியர் வண்டி வாங்கிய பிறகும் ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதை அவர் குறைவாக நினைத்ததே இல்லை. கோவில்பட்டி தாண்டியபிறகு ஒருநாள் அவரை முன்னால் விட்டு, மற்றவர்கள் பின்னால் வந்தோம். அன்றைக்கு யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே போனோம்.

அப்போது உண்டான வேகம் எனக்குப் புதிது. வேகமாகப் போகிறவர்களுக்கு அது மெதுவானது. அண்ணாச்சிக்கு அவருடைய வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். குழுவில் எவருக்கும் சொந்தமில்லாத, ஆனால் எல்லோருடைய கால்களுக்கும் தெரிந்த ஒரு வேகம். மணிக்கு இவ்வளவு என்று மீட்டரைப் பார்த்து யாரும் வைத்துக்கொண்டதில்லை. முன்சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கை அகல இடம் மாறாமல் நிற்கும். அவர் மிதிப்பதை நிறுத்தினால் நம் கால் நாம் நினைக்காமலே நிற்கும்.

திண்டுக்கல்லில் அண்ணாச்சியின் முழங்கால் வீங்கிவிட்டது. மருத்துவர் இனி மிதிக்கக் கூடாது என்றார். அவர் சைக்கிளோடு பஸ் ஏறுகிறபோது, "கொல்லிமல தெரிஞ்சா ஒரு போட்டோ அனுப்புங்கடே" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நாங்கள் பறந்தோம். வேடசந்தூர் வரை ஒருவரையொருவர் முந்தினோம். தடை நீங்கியதாகக் கால்கள் நினைத்துக்கொண்டன. அரவக்குறிச்சி வருவதற்குள் நாங்கள் சாலையில் மைல் கணக்கில் சிதறிக் கிடந்தோம். யாருக்கும் பேச ஆளில்லை. ஒரு புளியமரத்தடியில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினோம். அங்கிருந்து கரூர் வரை அண்ணாச்சியின் வேகத்தில் போனோம். அவர் அப்போது பஸ்ஸில் சேலம் போய்ச் சேர்ந்திருந்தார்.

*

தை மாதத்தில் வடக்கு நோக்கிப் போகிறவனுக்கு வாடைக் காற்று முகத்தில்தான் அடிக்கும். மோகனூரிலிருந்து நாமக்கல் வரை அப்படித்தான். மேடுபள்ளம் பெரிதாக இல்லாத சாலையில் காற்றுதான் மலை. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது என்பது பௌதிகப் பாடம். இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் போகிறவனுக்கு அந்த உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட மிச்சமாகும். ஆகையால் முன்னால் போவது முறை வைத்துச் செய்கிற வேலை. கொஞ்ச நேரம் காற்றைத் தாங்கிவிட்டு, முழங்கையை லேசாக அசைத்துவிட்டு, வலப்பக்கம் ஒதுங்கிக் கடைசிக்குப் போய்விட வேண்டும். அடுத்தவர் முன்னால் வருவார். குழியைக் கண்டால் கையைக் கீழே நீட்டிக் காட்டுவது, பின்னால் லாரி வந்தால் கடைசி ஆள் "வண்டி" என்று கத்துவது. மற்றபடி மணிக்கணக்கில் பேச்சே இருக்காது.

வாழ்நாளில் எனக்கு நெருங்கிய நண்பர்கள் இருந்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் பேசாமல் ஒருவருக்கொருவர் உபகாரமாக இருந்த அனுபவம் வேறெங்கும் கிடைத்ததில்லை. யார் முதுகு எனக்குக் காற்றை மறைத்ததோ அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. என் முறையில் முன்னால் போனேன்.

*

நாமக்கல் பாறை வெகு தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஊருக்கு நடுவே ஒரே கல்லாக நிற்கும் குன்றும் அதன் தலையில் கோட்டையும். அதன் அடியில் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிற பதினெட்டு அடி ஆஞ்சநேயர். சாலையோரப் பட்டறைகளில் லாரிக்குக் கூண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் கட்டிய வண்டிகள்தான் வழியெல்லாம் எங்களைத் தாண்டிப் போனவை. பெரும்பாலான ஓட்டுநர்கள் ஒரு ஹார்ன் கொடுத்து, அரை ரோடு விட்டு ஒதுங்கியே போனார்கள். கடையில் ஆளுக்கு இரண்டு கலக்கி சாப்பிட்டோம். கடைக்கார அம்மா, "ஏங் கண்ணு, கன்னியாகுமரில இருந்து சைக்கிள்லயேவா வர்றீங்க? வூட்ல ஒண்ணுஞ் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எல்லோருக்கும் இன்னொரு டம்ளர் தண்ணீர் வைத்தார்.

*

சேந்தமங்கலம் சாலையில் பள்ளிக்கூட நேரம். அரசு தந்த சைக்கிள்களில் மேல்நிலை வகுப்புப் பெண்கள் மூன்று பேராகவும் நான்கு பேராகவும் வந்தார்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று 2001இல் தொடங்கிய திட்டம். சில ஆண்டுகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்குமாக விரிந்தது. இதனால் பள்ளிக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பது கணக்கில் வரும். அந்தப் பெண்கள் போகிற அழகு கணக்கில் வராது.

நாங்கள் பல நாள் உடம்பை வருத்திக் கற்றது அவர்களுக்கு இயல்பாக இருந்தது. பேச்சுதான் அவர்களுடைய வேகம். கதை கேட்கிறவள் கதை சொல்கிறவளின் ஹேண்டில்பாருக்கு இணையாகவே இருக்கிறாள். ஒருத்தியின் செயின் கழன்றபோது மற்றவர்கள் ஆளுக்கொரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்கள். பேச்சு நிற்கவில்லை. செயின் மாட்டியானதும் நான்கு வண்டிகளும் ஒரே சமயத்தில் நகர்ந்தன.

அவர்களை முந்த எங்களுக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூட வாசல் வரை பின்னாலேயே போனோம்.

*

அதற்குப் பிறகு வலப்பக்கம் முழுக்கக் கொல்லிமலை. காரவள்ளிக்குத் திரும்பினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு மேலே ஏறலாம். திரும்பவில்லை. நின்று படம் எடுத்து அண்ணாச்சிக்கு அனுப்பினோம். உடனே பதில் வந்தது: "மேல ஏறலியா?"

1923 அக்டோபர் 15ஆம் தேதி பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றக் கிளம்பினார்கள். ஒருவர் தெஹ்ரானோடு திரும்பினார். இருவர் அமெரிக்காவில் பிரிந்தார்கள். 1928 மார்ச் 18ஆம் தேதி, 44,000 மைல் கடந்து பம்பாய்க்குத் திரும்பியவர்கள் மூவர்: அதி ஹக்கீம், ஜல் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா. அவர்கள் எழுதிய பயண நூலுக்கு முன்னுரை தந்தவர் நேரு. உலகம் அந்த மூன்று பெயர்களைத்தான் நினைவு வைத்திருக்கிறது. அது இயல்புதான். ஆனால் பாதி வழிவரை வந்தவர்கள் அந்தப் பயணத்தில் என்னவாக இருந்தார்கள் என்ற கேள்வி கொல்லிமலையடிவாரம் முழுக்க என்னோடு வந்தது. தெஹ்ரான் வரை ஆறு பேர் சேர்ந்து கண்டெடுத்த பழக்கங்கள் இருந்திருக்கும். எந்நேரம் எழுவது, எங்கே தங்குவது, எப்போது விட்டுக்கொடுப்பது என்று. போனவருடைய பழக்கம் மிச்சமிருந்தவர்களின் கால்களில் சீனா வரை போயிருக்கும் என்றே நம்புகிறேன்.

*

ராசிபுரத்துக்கு அப்பால் காற்றில் மரவள்ளியின் புளித்த வாடை. சேகோ ஆலைகளின் களங்களில் ஜவ்வரிசியைப் பரப்பிக் காய வைத்திருந்தார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி இதுதான். கிழங்கை அரைத்து, பாலைத் தெளிய விட்டு, மாவைக் குலுக்கி உருட்டி, சூட்டில் வறுத்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். வெயிலில் கூசுகிற அந்த வெண்மையைப் பார்த்தபடி வெண்ணந்தூர் தாண்டினோம். ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்கு வாங்கி, ஆளுக்கொரு பொட்டலம் கேரியரில் கட்டினோம்.

இனி இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து எங்கள் வேகம் குறைந்தது. களைப்பில்லை, காற்றும் விழுந்துவிட்டது. முன்னால் போகிறவர் முழங்கையை அசைக்க, அடுத்தவர் முன்னுக்கு வரத் தயங்கினார். முன்னால் நிற்கிறவர்தானே ஊரை முதலில் கொண்டுவந்துவிடுகிறவர். கஞ்சமலை இடப்பக்கம் வந்து வெகுநேரம் இருந்தது.

அரியானூரில் பெரிய சாலையில் ஏறினோம். கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் பஸ்ஸும் லாரியும் டூவீலருமாக எங்களைப் பிரித்துப்போட்டன. ஒரு சிக்னலில் இருவர் போய்விட, மற்றவர்கள் சிவப்பில் நின்றோம். கன்னியாகுமரியிலிருந்து ஒன்றாக வந்தவர்கள் சேலம் ஜங்ஷனுக்குத் துண்டு துண்டாகத்தான் போய்ச் சேர்ந்தோம். யார் முதலில் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பிரான்சில் பாரிஸிலிருந்து ப்ரெஸ்ட் போய்த் திரும்புகிற 1,200 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று உண்டு. 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்றைய அமைப்பில் 90 மணி நேரத்துக்குள் முடித்தவர்கள் எல்லோரும் முடித்தவர்களே; அவர்களுக்குள் முதல், இரண்டாவது என்று இடம் கிடையாது. அந்த விதியை எழுதியவர்கள் கூட்டமாகச் சைக்கிள் விட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஜங்ஷன் வாசலில் அண்ணாச்சி நின்றிருந்தார். முழங்காலில் பட்டை. யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை, ஒவ்வொரு வண்டியாக டயரை அமுக்கிப் பார்த்தார். "ஒன் ரிம்மு கோட்டமா இருக்குடே" என்று என்னிடம் சொன்னார். உண்மைதான், கொஞ்ச தூரமாகவே பிரேக் கட்டை உரசிக்கொண்டிருந்தது.

*

ரயில்கள் வெவ்வேறு நேரத்தில். பார்சல் ஆபீஸில் சைக்கிள்களுக்குச் சாக்கு சுற்றி எழுதிக் கொடுத்தோம். இருட்டுவதற்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள். நான் சேலத்துக்காரன் என்பதால் வீட்டுக்குச் சைக்கிளிலேயே வந்தேன். தெரிந்த தெருக்கள்தான். எவ்வளவு வேகமாகப் போவது என்றுதான் தெரியவில்லை. மிதித்தால் வண்டி ஓடியது, விட்டால் நின்றது. எனக்கென்று ஒரு வேகம் முன்பு இருந்திருக்க வேண்டும். அது திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. வந்தபோது அதில் எனக்குப் பெரிய சந்தோஷமில்லை.

அண்ணாச்சிக்கு இன்னும் திண்டுக்கல்லிலிருந்து சேலம் வரை பாக்கி இருக்கிறது. மாசிக் கடைசியில், வெயில் ஏறுமுன் அதை முடித்துவிட வேண்டும் என்கிறார். மதுரை நண்பர் ஒருவரும் நானும் கூடப் போகிறோம். இன்னும் இருவர் லீவு கேட்டிருக்கிறார்கள். விடியுமுன் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி, ராத்திரி கரூர், மறுநாள் அதே பேளுக்குறிச்சி வழி. காரவள்ளியில் மேலே ஏற வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவதானால் ஒரு நாள் கூடுதலாக வேண்டும். அதற்கும் சேர்த்து லீவு எழுதியிருக்கிறேன்.