சோற்றுக்குக் காசு

பிரான்ஸின் தெற்கே, மலிவு விலைச் சாப்பாட்டு விடுதிகளில் நடக்கும் ஒரு சின்ன விஷயத்தை மானுடவியலாளர் கிளாட் லெவி-ஸ்ட்ராஸ் 1949இல் வெளிவந்த தன் நூலில் விவரிக்கிறார். உறவுமுறைகளைப் பற்றிய கனமான நூல் அது. நடுவில் திடீரென்று இந்தச் சாப்பாட்டு மேசை வருகிறது. சாப்பாட்டு விலையிலேயே வைனும் அடக்கம். ஒவ்வொருவர் தட்டுக்கு முன்னாலும் ஒரு சின்ன பாட்டில், ஊற்றினால் ஒரு கிளாஸ் வரும். இடம் குறைவு என்பதால் முன்பின் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார நேர்கிறது. ஒருவர் தன் பாட்டிலை எடுத்து எதிரே இருப்பவரின் கிளாஸில் ஊற்றுகிறார். அவரும் உடனே தன் பாட்டிலை எடுத்து இவருக்கு ஊற்றுகிறார். தட்டில் இருக்கும் கறியை யாரும் பகிர்வதில்லை, அது அவரவர் வயிற்றுக்கு. வைன் மட்டும் மாறிப்போகிறது.

நான் படித்தது பொறியியல். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமம் என்றால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே இரண்டு பேரும் ஒரே விலை கொடுத்தார்கள், ஒரே வைனைக் குடித்தார்கள். யாருக்கும் ஒரு சொட்டுகூட லாபமில்லை. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. ஒரு கை தூரத்தில் அந்நியனை வைத்துக்கொண்டு சாப்பிடும் சங்கடம் போய், பேச்சு தொடங்கிவிட்டது.

அந்தப் பக்கத்தை நான் விடாமல் யோசித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் எங்கள் வீட்டுச் சண்டை. அம்மா ஜெலாப்பாங்கில் வீட்டிலேயே சமைத்து, பக்கத்துத் தொழிற்பேட்டைப் பையன்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறார். ஒரு பொட்டலம் எட்டு வெள்ளி. மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. "என்னக்கா, சோத்துக்குப் போயி காசு வாங்குற? தோட்டத்துல நம்ம வீட்டுக்கு வந்தவன் எவனாவது பசியாறாமப் போயிருக்கானா?" என்றார். அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "போனதில்லதான். ஆக்குனது யாருன்னு ஞாபகம் இருக்கா ஒனக்கு?"

பாட்டி விடியக்காலை பெரட்டுக்குப் போய்விட்டால் பால் வெட்டி முடித்து வர மதியமாகிவிடும். அதுவரை அடுப்பு மூத்த பெண்ணின் பொறுப்பு. லயத்து வீட்டின் விருந்தோம்பல் புகழெல்லாம் பதினொரு வயதுப் பிள்ளையின் கையால் வந்தது. அந்தக் கைக்கு யாரும் ஒரு காசு கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

விருந்து என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழைய தமிழில் அதற்குப் புதுமை என்று பொருள். புதிதாக வீட்டுக்கு வந்தவரும் விருந்து. இன்றைக்கு விருந்து என்றால் நமக்குப் பிரியாணிதான் ஞாபகம் வருகிறது. சொல் ஆளிடமிருந்து இலைக்கு நகர்ந்துவிட்டது. பிரெஞ்சில் வேறொரு விநோதம்: 'ஓத்' என்ற ஒரே சொல் விருந்து கொடுப்பவரையும் குறிக்கும், விருந்துக்கு வந்தவரையும் குறிக்கும். யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார் என்பது இடம் பார்த்துத்தான் புரியும். ஆனால் இரண்டு மொழியிலும் அடுப்படியில் நிற்பவர் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஒரு முழு அதிகாரமே இருக்கிறது, ஒன்பதாவது. விருந்தினர் முகம் வாடக்கூடாது என்று அனிச்சப்பூவைக் காட்டி நமக்குச் சொல்லித் தந்தது அது. ஆக்கியவரின் முகத்தைப் பார்த்தவர் யார்?

இலவசச் சோறு உயர்ந்தது, விலைச்சோறு தாழ்ந்தது என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. அதற்கு நியாயமும் இருக்கிறது. 1867இல் வள்ளலார் வடலூரில் தொடங்கிய தருமசாலையில் பசி ஒன்றுதான் தகுதி. ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களும் நீ யார் என்று கேட்பதில்லை. அங்கே காசு கேட்டிருந்தால் அசிங்கமாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் வீட்டுச்சோறு அப்படியல்ல. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நன்றியைப் பற்றிய பழமொழி. கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் கடனைப் பற்றியதும்கூட. ஒரு வேளைச் சோற்றுக்கு ஆயுள் முழுக்கத் தவணை. கங்காணி முறையில் மலாயாவுக்கு வந்த பலர் முன்பணக் கடனோடுதான் கப்பலேறினார்கள். தோட்டத்துக் கடையில் அரிசியையும் பருப்பையும் பற்றெழுதி வாங்கினார்கள். சோறு போட்டவனுக்குத் தலைகுனிய வேண்டும் என்பது அவர்களுக்கு வெறும் பழமொழி இல்லை, தினசரி வாழ்க்கை. அந்தப் பரம்பரையில் வந்த ஒருவர், டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, காசை மேசைமேல் வைத்து, "சோறு போடுங்க" என்று கேட்டது சின்ன விஷயமா? காசு கொடுத்தால் கணக்கு அங்கேயே தீர்கிறது. எழுந்து கை கழுவிவிட்டு யாரையும் நினைக்காமல் போகலாம். அந்த மறதியும் ஒரு சுதந்திரம்தான்.

தெரிதா விருந்தோம்பலைப் பற்றிப் பேசும்போது, நிபந்தனையே இல்லாத விருந்தோம்பல் வந்தவரின் பெயரைக்கூடக் கேட்காது என்கிறார். அது நடைமுறையில் முடியாத ஒன்று என்பதும் அவருக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வருகிறது. பெயர் கேட்காமல், ஊர் கேட்காமல், சாதி கேட்காமல் சோறு போடுகிற இடம் ஒன்று எனக்குத் தெரியும். அது சாலையோர ஒட்டுக்கடை. நம் வீடுகளில் "எந்தத் தோட்டம், யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்ட பிறகுதான் தட்டு வரும். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்று நமக்குத் தெரியாதா என்ன.

இதை வைத்துக் காசு எல்லாவற்றையும் சமமாக்கிவிடும் என்று முடிவு கட்ட முடியாது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகம் பல மாதங்கள் மறியல் செய்ய வேண்டியிருந்தது. காசு வாங்குகிற கடைதான் அது. தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்தவர்களும் காசு வாங்கிக்கொண்டுதான் தனிக் குவளையை நீட்டினார்கள். நம் பேராக்கிலும் பிரிட்டிஷ்காரர்கள் கட்டிய ரெஸ்ட் ஹவுஸ்கள் இருந்தன, பிரெஞ்சுக் கிராமத்து விடுதிக்கு இங்கே கிட்டத்தட்ட ஒப்பானவை. அவை முதலில் அரசு அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்டவை. பால்மரம் வெட்டுகிறவர் கையில் காசு இருந்தாலும் அந்த மேசை அவருக்காகப் போடப்பட்டதில்லை. ஆக, காசை வாங்குவது வேறு, ஆளை ஏற்றுக்கொள்வது வேறு. காசு கதவைத் திறக்கும். மேசையில் இடம் போடுவது இன்னொரு மனிதர்தான்.

இங்கேதான் அந்த வைன் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த இரண்டு பேரும் காசு கொடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் எந்தக் கடனும் இல்லை. கடன் இல்லாததால்தான் அந்த ஊற்றலுக்கு உள்நோக்கம் எதுவும் இல்லை. நம் பக்கத்திலும் இது நடக்காமல் இல்லை. மதிய நேரத்தில் வாழையிலைக் கடையில் கூட்டம் நெரியும். "அண்ணே, இங்க ஆள் இருக்கா?" என்று கேட்டு உட்காருவோம். எதிரே இருப்பவர் தண்ணி ஜக்கை நம் பக்கம் தள்ளுவார். அப்பளக் கூடை வந்தால் நமக்கு முதலில் நீட்டுவார். அவர் தந்தது எதுவும் அவருடையதில்லை, எல்லாம் கடையுடையது. ஆனாலும் அவர் தந்தார்.

அந்த மேசையில் ஒரு குறை இருக்கிறது. வைன் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவில்தான் போய் வருகிறது. தட்டைக் கொண்டுவந்து வைத்தவருக்கு அதில் பங்கில்லை. ரெஸ்டாரண்ட் என்பது 1760களில் பாரிஸில் தொடங்கிய வழக்கம். தனி மேசை, தனி விலை, அவரவருக்குப் பிடித்த நேரம். அதற்கு முன்னால் பயணிகள் விடுதியின் பொது மேசையில், குறித்த நேரத்தில், அன்றைக்குச் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். அதற்கு 'தாப்ல் தோத்' என்று பெயர், 'ஓத்'தின் மேசை என்று அர்த்தம். இன்றும் பிரெஞ்சுக் கிராமங்களில் வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறவர்கள் அந்தப் பெயரில் சாப்பாடு போடுகிறார்கள். தங்கியிருப்பவர்களுக்கு மட்டும்தான். ஒரே சமையல், வீட்டாரின் குடும்ப மேசை. பல வீடுகளில் சமைத்தவரும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறார். காசும் வாங்குகிறார். இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளவில்லை.

நம் ஊர்க் கடைகளில் சாம்பார் வாளியோடு நிற்கும் தம்பி தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பார். நாம் மூன்றாவது முறை ரசம் கேட்கும்போது அவர் சாப்பிட்டாரா என்று தெரியாது. மணி இரண்டரை ஆகியிருக்கும். அவரைப் பொறுத்தவரை நாம் இலை எண் ஏழு.

மாமாவின் கேள்விக்கு என் பதில் இதுதான்: வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். எட்டு வெள்ளி அம்மாவின் உழைப்புக்கு, அவர் வாங்கும் அரிசிக்கு, கேஸுக்கு. பதினொரு வயதில் கிடைக்காத கணக்கு அது. அதைத் தியாகத்தின் பெயரால் தள்ளுபடி செய்யச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சமைக்காதவர்கள். ஆனால் விலையைக் கொடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று எழுந்து போகிறவருக்கும் நான் ஒன்று சொல்வேன். விலை கொடுத்த பிறகுதான் கடனும் பயமும் இல்லாமல் இன்னொருவருக்கு எதையாவது செய்ய முடியும். அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் பொட்டலம் வாங்கும் பையன்களில் சிலர், காசை நீட்டும்போதே "நீங்க பசியாறிட்டீங்களாம்மா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி எட்டு வெள்ளிக்குள் வராது. அம்மாவும் அதற்குச் சில்லறை கொடுப்பதில்லை.