ரொட்டியும் ஜாமும் கொண்டுபோனவர்கள்

நமக்குத் துளியும் உடன்பாடில்லாத காரியத்துக்காக ஒருவர் மனமார உழைத்தால், அந்த உழைப்பை எப்படி மதிப்பது? ஃபிலிஸ் ஷ்லாஃப்லியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஆல்டன் ஊர்க்காரர். ஆறு பிள்ளைகளின் தாய். 1964இல் குடியரசுக் கட்சிக்குள் பழைமைவாதிகளுக்கு ஆதரவாக அவர் எழுதித் தாமே வெளியிட்ட சிறு புத்தகம் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1972 மார்ச்சில் ஆண் பெண் சம உரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 38 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும்; 1973 முடிவதற்குள் 30 மாநிலங்கள் தந்துவிட்டன. தேர் நிலைக்கு வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அதை நிறுத்தியவர்கள் ஷ்லாஃப்லி திரட்டிய இல்லத்தரசிகள்.

மாதாமாதம் ஷ்லாஃப்லியின் செய்தி மடல் வீட்டுக்கு வரும். படித்தவர் பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்வார். சட்டமன்றக் குழுமுன் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்ப்பார்கள். மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள சட்டமன்றத்துக்குத் தாங்கள் சுட்ட ரொட்டியையும் ஜாமையும் எடுத்துப்போய் உறுப்பினர்களிடம் கொடுப்பார்கள்.

அவர்களை ஓட வைத்தது பயம். விவாகரத்து எளிதாகிவந்த காலம் அது. சம்பளமே வாங்காமல் இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு, 'உன்னைக் காப்பாற்றும் கடமை இனி அவனுக்கு இல்லை' என்று சட்டம் சொல்லிவிடுமோ என்ற கலக்கம். மகளையும் போருக்கு அழைப்பார்களோ என்ற நடுக்கம் வேறு. அந்தத் திருத்தம் அவர்களுக்கும் நன்மையே செய்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அவர்கள் வாசலுக்கே போய், அந்தக் கலக்கத்துக்கு நிதானமாகப் பதில் சொன்னவர்கள் போதவில்லை. 'புருஷன் ஆட்டுவிக்கிறான், இவர்கள் ஆடுகிறார்கள்' என்று சொல்வது சுலபமாக இருந்தது. பெண்ணுக்குச் சொந்த புத்தி உண்டு என்று வாதாடுகிறவர்கள் சொல்லக்கூடிய பேச்சா அது?

பழைமைவாத அரசியலும் அவர்களுக்கு நியாயம் செய்யவில்லை. 1980 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ரீகன் வென்றார்; அதற்குத் தெருத்தெருவாக உழைத்தவர்களில் அந்தப் பெண்கள் முன்வரிசை. ஷ்லாஃப்லிக்கு அமைச்சரவையில் இடமில்லை.

1982 ஜூன் 30 அன்று திருத்தத்துக்கான கெடு முடிந்தபோது ஒப்புதல் தந்த மாநிலங்கள் 35. மூன்று குறைவு. ஆகவே, உங்களுக்குப் பிடிக்காத கட்சியின் நோட்டீசுடன் ஓர் அம்மாள் வாசலுக்கு வந்தால், தயவுசெய்து உட்காரச் சொல்லுங்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். வாதாடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.