ஓட்டில்லாதவரின் தேர்தல்

கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை என்று காவிரிப் படுகையில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தால் எழுந்த ஊர்கள் நிறைய உண்டு. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ தேர்தல் வந்தால் இங்கிருந்து போய் வேலை பார்க்கும் பிள்ளைக்கு ஓட்டுக் கிடையாது. ஆனாலும் முடிவு வந்து ஊர் அடங்கும்வரை இங்கே வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கம் வராது. "கூட்டம் கூடுற பக்கம் போவாதப்பா, வேலை முடிஞ்சா ரூமுக்கு வந்துடு" என்று போனில் சொல்லும் அம்மாவுக்கு அந்த நாட்டின் கட்சிகள் எவை என்றே தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

இந்தப் பயம் வீண் பயம் அல்ல. 1969 மே 10-இல் மலேசியாவில் நடந்த பொதுத்தேர்தலில் ஆளும் கூட்டணி வென்றது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. எதிர்க்கட்சிகள் கோலாலம்பூரில் வெற்றி ஊர்வலம் போயின. பதிலுக்கு ஆளுங்கட்சிக்காரர்கள் திரண்டார்கள். மே 13 மாலை கலவரம் வெடித்தது. அரசு சொன்ன கணக்கில் இறந்தவர்கள் 196 பேர். பெரும்பாலோர் சீனர், இந்தியர் 13 பேர். அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றம் மறுபடி கூடியது 1971 பிப்ரவரியில்தான். இதற்கிடையே 1969 ஜூன் இறுதியில், ரயில்வே பட்டறையை ஒட்டித் தமிழர்கள் நெருங்கி வாழ்ந்த கோலாலம்பூரின் செந்தூலிலும் மோதல் நடந்தது.

சண்டை மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே மூண்டது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழருக்கு அதில் பங்கில்லை. ஆனால் அவரைத் தேடி வந்த ஆபத்து வேறு விதமானது. அதற்குக் கத்தி தேவைப்படவில்லை.

குடியுரிமை உள்ளவருக்கு நீல அடையாள அட்டை, இல்லாதவருக்குச் சிவப்பு அட்டை. நாடு விடுதலை பெற்ற 1957-க்குப் பிறகும் ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் சிவப்பு அட்டையோடே இருந்துவிட்டார்கள். பலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. மலாய் மொழித் தேர்வு பலரைத் தடுத்தது. என்றைக்காவது ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பிலேயே விண்ணப்பிக்காமல் விட்டவர்களும் உண்டு. கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வாங்கவேண்டும் என்ற சட்டம் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. உள்ளூர்க்காரருக்கு முதலில் வேலை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பினார்கள். பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் ரஜூலா போன்ற கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பிழைக்கப் போனவர்களும், அங்கேயே பிறந்து வளர்ந்து இந்த மண்ணைப் பார்த்தே இராத அவர்கள் பிள்ளைகளும் அப்படி வந்து இறங்கினார்கள்.

வெளிநாட்டில் இருப்பவருக்குத் தேர்தல் நேரத்தில் சொல்லப்படும் யோசனைகள் எல்லாம் கலவர ராத்திரியை மனத்தில் வைத்தவை. அரிசி பருப்பு வாங்கி வை, வெளியே போகாதே, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திரு, தூதரகத்தில் பெயரைப் பதிந்துவை. எல்லாம் அவசியம்தான். 2007 டிசம்பரில் கென்யாவில் தேர்தல் முடிவு தகராறாகி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது, கிசுமு நகரில் இந்திய வம்சாவளியினரின் கடைகள் சூறையாடப்பட்டன. அப்படிப்பட்ட நேரத்துக்கு இந்த முன்ஜாக்கிரதை வேண்டும்தான். ஆனால் ஊரடங்கு சில வாரங்களில் தளர்ந்துவிடும். பெர்மிட் சட்டம் தளராது. தேர்தல் மேடையில் 'நம் வேலை நமக்கே' என்று ஒருவர் பேசிக் கைதட்டல் வாங்கும்போதே சிவப்பு அட்டைக்காரருக்கு ஆபத்து தொடங்கிவிடுகிறது.

கல்லெறியே இல்லாத தேர்தலிலும் இது நடக்கும். சிங்கப்பூரில் 2011 மே மாதத் தேர்தலில் வெளிநாட்டினர் வருகை பெரும் பிரச்சினையாகப் பேசப்பட்டது. ஆளுங்கட்சியின் வாக்கு 60 விழுக்காட்டுக்கு இறங்கியது. அடுத்த ஆண்டுகளில் வேலை அனுமதிக்கான சம்பள வரம்பும், வெளிநாட்டுத் தொழிலாளருக்கு முதலாளி கட்டும் தீர்வையும் உயர்ந்தன. ஒருவர் மேலும் கை ஓங்கப்படவில்லை. ஆனால் பெர்மிட் புதுப்பிக்கப்படாமல் திரும்பும் பிள்ளையின் வீட்டில் கடன் அப்படியே இருக்கும். சிங்கப்பூரில் தேர்தல் பிரசாரத்தில் வெளிநாட்டினர் கலந்துகொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், தன்னைப் பற்றிய விவாதத்தில் வாய் திறக்கவும் அவருக்கு வழியில்லை.

இவ்வளவையும் பட்டறிந்த காவிரிப் படுகை இன்று மறுபக்கத்திலும் நிற்கிறது. தஞ்சாவூர், நாகப்பட்டினம் வயல்களில் நடவுக்கு ஆள் கிடைக்காமல் மேற்கு வங்கத்துத் தொழிலாளர்கள் குழுவாக வந்து நாற்று நடுகிறார்கள். அவர்களும் இங்கே ஓட்டில்லாதவர்கள். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. காவல்துறை மறுத்தது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவும் நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனது. அதற்குள் பயந்துபோய் ரயிலேறியவர்கள் ஏராளம். அந்த வாரம் பீகார் கிராமங்களில் அம்மாக்கள் போனில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதைக் கூத்தாநல்லூருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அந்தக் காணொளிகள் பொய். ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில், தனியார் நிறுவன வேலைகளில் 75 விழுக்காடு தமிழ்நாட்டவருக்கே என்று தரப்பட்ட வாக்குறுதி உண்மை. வேலையில்லாத உள்ளூர் இளைஞரின் ஏக்கம் நியாயமானது. அதை யாரும் மறுக்க முடியாது. 1969-க்குப் பிறகு மலேசியாவில் சொல்லப்பட்டதும் இதே நியாயம்தான். அடுத்த முறை ஒரு வேட்பாளர் தஞ்சையில் இந்தப் பேச்சைத் தொடங்கும்போது, முன்வரிசையில் இருப்பவர்களில் சிவப்பு அட்டைக்காரரின் பேரனோ பேத்தியோ இருக்கக்கூடும். இங்கே ஏற்கெனவே நட்டுக்கொண்டிருக்கிறவர்களை என்ன செய்வீர்கள் என்று அவர்தான் எழுந்து கேட்கவேண்டும். கேட்கிற உரிமை அவருக்கு இருக்கிறது. அவரிடம் ஓட்டு இருக்கிறது.